கும்பகருணனுக்குப் பெரிய கண்கள்

(திருச்சிராப்பள்ளியில் நடந்த குறுவளமையக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திரையரங்கில் ஒரு ஜப்பானியப் படம் பார்த்தேன். அதற்குச் சில வாரங்களுக்கு முன் வகுப்பறையில் ஒரு தவறு செய்திருந்தேன். இரண்டையும் சேர்த்தே உங்களிடம் சொல்ல வேண்டும்.

முதலில் தவறு. பத்தாம் வகுப்பில் கம்பராமாயணம் நடத்திக்கொண்டிருந்தேன். கும்பகருணனை எழுப்பும் பாடல். சந்தத்தோடு பாடிக் காட்டினேன். கடைசி இருக்கையில் ஒரு மாணவன் தலை நிமிரவே இல்லை. அருகில் போய்ப் பார்த்தால், குறிப்பேட்டில் படம். முகத்தில் பாதி அளவுக்குக் கண்கள், முள்முள்ளாக முடி. தொலைக்காட்சியில் வருமே, ஜப்பானியப் பொம்மைப் படம், அந்த மாதிரி. "கம்பனைப் படிக்கச் சொன்னால் பொம்மை போடுகிறாயா?" என்று தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன்.

மறுநாளிலிருந்து அவன் ஒழுங்காக எழுதினான். பேசவில்லை, கேள்வி கேட்கவில்லை. திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

2025 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. பள்ளியில் கொடியேற்றி முடித்து ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வந்தேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகள், "பெரியம்மா, ஜப்பான்காரங்க எடுத்த ராமாயணம் வந்திருக்காம். தமிழ்லயே பேசுதாம்" என்று காத்திருந்தாள். டவுன் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, திருச்சியில் ஒரு திரையரங்குக்குப் போனோம்.

படத்தின் பெயர் 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'. 1992இல் முடிந்த படம், தமிழ்க் குரலோடு நம் திரையரங்குகளுக்கு வந்தது 2025 ஜனவரி 24 அன்று. இடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இரண்டே கால் மணி நேரப் படம், அத்தனையும் கையால் வரைந்தது.

கும்பகருணன் வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கிழித்துப் போட்ட தாள் நினைவுக்கு வந்துவிட்டது. அந்தப் பையன் பாடத்தைக் கவனிக்காமல் வரைந்திருக்கவில்லை. நான் பாடியதைக் கேட்டுத்தான் வரைந்திருக்கிறான். அவன் போட்டது கும்பகருணன். அது யாருடைய படம் என்று நான் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் படம் உருவான கதையைத் தேடிப் படித்தேன். யூகோ சாகோ என்ற ஜப்பானியர் 1980களில் ஓர் ஆவணப்படப் பணிக்காக இந்தியா வந்தவர். இராமாயணத்தில் மனம் பறிகொடுத்து, ஜப்பானிய மொழியில் கிடைத்த பல வடிவங்களைத் தேடிப் படித்தார். அசைவூட்டப் படமாக எடுக்க விரும்பினார். நம் காவியத்தை அயல்நாட்டார் கேலிச்சித்திரம் ஆக்குவதா என்று இங்கே எதிர்ப்பு எழுந்தது. பிறகு இந்திய அசைவூட்டக் கலைஞர் ராம் மோகன் இணை இயக்குநராகச் சேர, சுமார் 450 கலைஞர்கள் உழைத்து ஜப்பானில் படத்தை முடித்தார்கள்.

அந்தக் கதையில் ஒரு செய்தி என் மனத்தில் தங்கிவிட்டது. வேட்டியை எப்படிக் கட்டுவது, பெரியவர்களிடம் பிள்ளைகள் எப்படி ஆசி வாங்குவார்கள் என்பதையெல்லாம் ஜப்பானிய ஓவியர்களுக்கு இந்தியக் கலைஞர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 'உங்களுக்கு வேட்டி வரையத் தெரியவில்லை, இந்தக் கதையைத் தொடாதீர்கள்' என்று சொல்லவில்லை. 'மடிப்பு இப்படி விழும்' என்று காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஆசிரியர் வேலை என்பது அதுதானே? நான் செய்தது வேறு.

நம் ஊருக்கே வருவோம். ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சன்னதி அருகே கம்பர் இராமாயணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் மண்டபம் இருக்கிறது. நம்மில் பலர் அதைக் கடந்து போயிருப்போம். இரணியன் வதைப்படலம் வான்மீகத்தில் இல்லாதது, கம்பர் சேர்த்தது. அதைப் பாடியபோது புலவர்கள் தடை சொன்னார்கள் என்றும், எதிரே சன்னதியில் இருந்த நரசிங்கர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார் என்றும் எங்கள் ஊரில் கதை சொல்வார்கள். கதையை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால், மூலத்தில் இல்லாததைத் தன் மனம் கண்டபடி சேர்த்த ஒருவரைத்தான் நாம் கவிச்சக்கரவர்த்தி என்று பாடம் நடத்துகிறோம். அதே பாடத்தைக் கேட்டுத் தன் மனம் கண்டபடி வரைந்த மாணவனின் தாளைக் கிழித்தவள் நான்.

திங்கட்கிழமை அவனைத் தனியாக அழைத்தேன். "தம்பி, அன்றைக்கு நீ வரைந்தது கும்பகருணன்தானே? பார்க்காமல் கிழித்துவிட்டேன், தப்பு என்னுடையது. இன்னொரு முறை வரைந்து காட்டுகிறாயா?" என்றேன். தரையைப் பார்த்தபடி, "மறந்துபோச்சும்மா" என்றான். நான் வற்புறுத்தவில்லை. அன்று வகுப்பில் கும்பகருணன் கதையை முழுவதும் சொன்னேன். சீதையை விட்டுவிடு என்று அண்ணனுக்கு அறிவுரை சொன்னதையும், அண்ணன் கேட்காதபோது அவனுக்காகவே போருக்குப் போனதையும் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து என் மேசைமேல் ஒரு தாள் இருந்தது. பாதி திறந்த இரண்டு பெரிய கண்கள் மட்டும். கீழே ஒரு வரி: 'அண்ணன் செய்தது தப்பு என்று தெரிந்தும் ஏன் சண்டைக்குப் போனார்?'

கும்பகருணனைப் பற்றிக் கேட்க இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. அன்றைய பாடவேளை முழுவதும் அந்தக் கேள்வியிலேயே போனது. செஞ்சோற்றுக் கடன் என்றான் ஒருவன். தப்புக்குத் துணைபோவது நன்றி ஆகுமா என்றாள் ஒருத்தி. வரைந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு இது புதிதாக இருக்காது. எண்ணும் எழுத்தும் வகுப்பறையில் பாட்டும் பொம்மையும் கதையும் உண்டு. பிள்ளை வளர வளர நாம்தான் வண்ணப் பென்சிலைப் பிடுங்கிவிடுகிறோம். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்கள் திரையிடுகிறோம். படம் முடிந்ததும் 'நீதி என்ன?' என்று கேட்பதோடு நிறுத்திவிட வேண்டாம். 'எந்தக் காட்சி கண்ணிலேயே நிற்கிறது? அதை வரைந்து காட்டு' என்று கேட்டுப் பாருங்கள். செய்யுளுக்கும் அப்படியே செய்யலாம். பாடலைப் பொருள் சொல்லாமல் இரண்டு முறை பாடுங்கள். கேட்டதை வரையட்டும். பிறகு பாடலில் இருப்பது படத்தில் இருக்கிறதா, இல்லாதது எது, ஏன் சேர்த்தாய் என்று பேசுங்கள். பிழை இருந்தால் திருத்துவோம். வேட்டி மடிப்பு எப்படி விழும் என்று காட்டிக்கொடுப்போம்.

பாடநேரத்தில் படம் போடும் பிள்ளைகள் எல்லோரும் பாடத்தைத்தான் வரைகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கிழிப்பதற்கு முன், 'இது யார்?' என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். நான் கிழித்த தாள் போனது போனதுதான். இரண்டாவது தாள் என் பாடநூலுக்குள் பத்திரமாக இருக்கிறது.