பின்னால் நிற்பவனுக்கும் ஒரு கோப்பை

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"இன்ஜினியரா இருக்கீங்க, வேலைவாய்ப்பு பத்திப் பேசுங்க" என்றார் செயலாளர். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கால்பந்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். காரணம், இன்று காலையில் நடந்த ஆட்டம்.

கல்லூரி அணி நம்மை 5-4 என்று ஜெயித்தது. ஒன்பது கோல்! ஒவ்வொன்றுக்கும் கை தட்டினோம். ஆனால் நாலாவது கோல் விழுந்தபோது கல்லூரி அணியின் பேக் தம்பியைப் பார்த்து வெளியே இருந்து ஒருவர், "ஏல, நீ எதுக்குலே அங்க நிக்க?" என்று கத்தினார். ஜெயித்த அணியின் பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். அதைப் பார்த்ததும், பேச எழுதி வைத்திருந்ததை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டேன்.

நான் பெரியதாழைக்காரன். சாயங்காலம் கரையில் ஈரமணலில்தான் பந்து உதைத்துப் பழகினோம். இரண்டு பக்கமும் செருப்பைப் போட்டால் கோல் போஸ்ட். கோல் அடிக்கத் தெரிந்தவன் முன்னால் ஆடுவான். ஆடத் தெரியாத சின்னப் பையனைப் பேக்காக நிறுத்துவோம். பந்து கடலுக்குள் போனால் நீந்திப் போய் எடுத்து வர வேண்டியதும் அவன்தான். கல்லூரிக்கு வந்த பிறகும் என் மனதில் பேக் என்றால் அவ்வளவுதான்.

ஆனால் இந்த விளையாட்டின் வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது. 1925-இல் ஆஃப்சைடு விதியைத் தளர்த்தினார்கள். பந்தை வாங்குபவனுக்கும் கோலுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது, இரண்டு பேர் போதும் என்று ஆனது. இங்கிலாந்து லீக்கில் ஒரு பருவத்தில் 4,700 ஆக இருந்த கோல்கள் அடுத்த பருவத்திலேயே 6,373 ஆயின. அந்த ஆண்டு அக்டோபரில் ஆர்சனல் அணி நியூகாசிலிடம் 7-0 என்று தோற்றது. அதன் பிறகுதான் அதன் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன், நடுவில் ஆடிய சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து மூன்றாவது பேக்காக நிறுத்தினார். நாம் இன்றும் "ஸ்டாப்பர்" என்று சொல்கிறோமே, அந்த இடத்தை உருவாக்கியது கோல் மழைதான்.

பிறகு காலம் திரும்பியது. 1990 உலகக் கோப்பையில் 52 ஆட்டங்களில் 115 கோல்தான். பார்த்தவர்களுக்கே சலித்தது. 1992-இல் புது விதி வந்தது: சக ஆட்டக்காரன் வேண்டுமென்றே காலால் கொடுக்கும் பந்தைக் கோலி கையால் பிடிக்கக் கூடாது. அதுவரை பேக்குக்கு நெருக்கடி வந்தால் கோலியிடம் தட்டிவிட்டு மூச்சு வாங்கலாம். அந்த ஒதுங்கிடம் போயிற்று. ஓடி வருகிறவனைச் சமாளித்து, தலை நிமிர்ந்து பார்த்து, சரியான ஆளுக்குப் பந்தைத் தர வேண்டும். 1994 உலகக் கோப்பையில் அதே 52 ஆட்டங்களில் 141 கோல். கோல் கூடியது, கூடவே பேக்கின் வேலையும் கூடியது.

நம் நாட்டிலும் பேக் என்றால் வெறும் சுவர் அல்ல. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பயிற்சியாளர் ரஹீம், தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் ஆட வைத்தார். இறுதியாட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கினோம். அதில் ஒரு கோல் ஜர்னைல் அடித்தது.

நம் தமிழ்நாட்டுக் கதைக்கு வருகிறேன். 2018-19 ஐ-லீக்கைச் சென்னை சிட்டி அணி வென்றது. 20 ஆட்டத்தில் 48 கோல். பெட்ரோ மான்சி மட்டும் 21. கோல் வாங்கிய கணக்கைப் பார்த்தால், இரண்டாம் இடம் வந்த ஈஸ்ட் பெங்காலைவிட இவர்கள்தான் அதிகம் வாங்கியிருந்தார்கள். பழைய அளவுகோலில் "பேக் சரியில்ல" என்போம். 2019 மார்ச் 9, கோயம்புத்தூர், கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டது. சமன் செய்தாலும் கோப்பை கிடையாது. ஜெயித்தே ஆக வேண்டும். மான்சி பெனால்டியில் ஒன்று போட்டார். அடுத்த இரண்டையும் போட்டது கௌரவ் போரா. அவர் யார்? அணியின் பேக்! 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே புள்ளியில் கோப்பை.

நான் சொல்ல வருவது இதுதான். இன்றைய ஆட்டத்தில் பேக்கை நாம் முன்னே ஏறச் சொல்கிறோம், பந்தை அங்கிருந்தே கட்டி எழுப்பச் சொல்கிறோம், அவன் முதுகுக்குப் பின்னால் அரை மைதானத்தைத் திறந்து போடுகிறோம். வேலையைப் புதுக் கணக்கில் கொடுத்துவிட்டு, மதிப்பெண்ணை மட்டும் பழைய கணக்கில் போடுகிறோம். இது நியாயமா?

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். 2009-இல் ஒரு கல்லூரிகளுக்கு இடையேயான போட்டி. நான்தான் கேப்டன், சென்டர் பார்வர்டு. "எல்லாரும் ஏறி ஆடுங்கடா" என்று சொன்னதும் நான்தான். 4-3 என்று தோற்றோம். நான் இரண்டு கோல் போட்டதால் என் முதுகில் தட்டினார்கள். எங்கள் ஸ்டாப்பரை வண்டியில் ஊர் திரும்பும் வரை பேசித் தீர்த்தார்கள். "நான் சொல்லித்தான் அவன் ஏறினான்" என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அடுத்த வாரம் அவன் பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதன் பிறகு இந்த மைதானத்தில் இறங்கவே இல்லை.

சென்ற மாதம் இந்தக் கூடுகைக்குக் கூப்பிடத் தொலைபேசியில் பேசினேன். கப்பலில் வேலை. அந்த ஆட்டத்தைப் பற்றி நானே எடுத்தேன். சிரித்துக்கொண்டே சொன்னான்: "மக்கா, நாலு பேரு வந்தான், நான் ஒருத்தன் நின்னேன். எத்தன பேர நிப்பாட்டுனேன்னு யாரும் எண்ணலியே." அவனிடம் கேட்ட மன்னிப்பை, அவன் அனுமதியோடு, இந்த மேடையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் கடல் கரையை அரித்தபோது தூண்டில் வளைவு கேட்டோம். அதையும் தாண்டி அலை அடித்தால் கல்லை யாரும் திட்டுவதில்லை. "இன்னும் நீளமாப் போடுங்க" என்றுதான் கேட்கிறோம். மனிதனுக்கும் அந்த நியாயத்தைக் கொடுப்போமே!

சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, நம் சுழற்கோப்பைப் போட்டியில் அதிகக் கோல் அடித்தவருக்கு மட்டும் பரிசு தருகிறோம். இந்த ஆண்டு முதல் சிறந்த பேக்குக்கும் ஒரு கோப்பை தர வேண்டும். அதன் செலவை நான் ஏற்கிறேன். இரண்டு, அதை வாங்கிய கோலை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரு மாணவர் நோட்டும் பேனாவுமாக உட்காரட்டும். எத்தனை பந்தைப் பறித்தான், பறித்ததில் எத்தனை நம் ஆளுக்கே போய்ச் சேர்ந்தது, எத்தனை முறை தனியாக இரண்டு பேரைச் சமாளித்தான் என்று குறிக்கட்டும். உடற்கல்வி இயக்குநர் ஐயா அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

கடைசியாக, காலையில் ஆடிய அந்தப் பேக் தம்பிக்கு: நம்முடைய ஐந்தாவது கோலை நீ தடுத்தாய். எண்பதாவது நிமிடத்தில் நானும் இன்னொருவரும் வந்தோம், நீ தனியாக நின்றாய், பந்து உன் காலுக்குப் போயிற்று. அங்கிருந்து நீ கொடுத்த பந்துதான் உங்கள் ஐந்தாவது கோல் ஆயிற்று. நான் எண்ணினேன் தம்பி. பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடாதே.