எதிர் வீட்டின் விலை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது நம் நாட்டுப் பழமொழி. அப்பழமொழி பிறந்த காலத்தில் வீடு என்பது கட்டப்படுவது, வாங்கப்படுவது அன்று. மனையைத் தேர்ந்து, கொத்தனாரைப் பிடித்து, செங்கல் சூளைக்கு முன்பணம் கொடுத்து, வாசற்கால் நாட்டி, இரண்டு கோடை கழிந்தபின் குடிபுகுந்தவன், தான் செலவிட்டது இவ்வளவு என்று ஒருவாறு அறிந்துகொண்டான். ஆனால் அதை அடுத்த வீட்டுக்காரன் செலவோடு ஒப்பிட்டு வருந்த அவனுக்கு வழியில்லை. அங்கே மூன்று கட்டு, இங்கே இரண்டு. அங்கே தேக்கு; இங்கே வேம்பு. ஒன்றைப் போல் மற்றொன்று இல்லாதபோது ஒப்பிடுவது எங்ஙனம்?

இன்றைய நிலைமை வேறு. தாம்பரத்துக்குத் தெற்கே நான் குடியிருக்கும் கட்டடத்தில் ஐந்து மாடிகள். மாடிக்கு எட்டாக நாற்பது வீடுகள். நாற்பதும் ஒரே அச்சில் வார்த்த பதுமைகள். எந்த வீட்டுக்குள் நான் இருட்டில் நுழைந்தாலும் என் கை தானாகச் சென்று விளக்கின் விசையைத் தொட்டுவிடும். வேறுபடுவது ஒன்றே ஒன்று. அது ஒவ்வொருவரும் கொடுத்த விலை. சுவர்கள் அதைச் சொல்லுவதில்லை. மனிதர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன். 2020-ஆம் ஆண்டு தை மாதத்தில், நல்ல நாள் பார்த்து, கட்டிக்கொண்டிருந்த இக்கட்டடத்தில் மூன்றாம் மாடி வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டினேன். பரப்பு 950 சதுர அடி, அடி ஒன்றுக்கு 5,800 ரூபாய், ஆகமொத்தம் 55,10,000. ஓய்வூதியப் பணிக்கொடை, சேமிப்பு, மகன் அனுப்பியது எல்லாம் சேர்ந்தும் பணம் போதவில்லை. என் மனைவி ஒன்றும் பேசாமல் அலமாரியைத் திறந்து, தன் தாயார் போட்ட வளையல்களையும் அட்டிகையையும் எடுத்து வைத்தாள். பதினைந்து பவுன். விற்றதில் 4,60,000 ரூபாய் வந்தது. அதற்குப் பின் பொன்விலை ஏறிய கதையை நீங்கள் அறிவீர்கள். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

2022-ஆம் ஆண்டு ஆவணியில் குடிபுகுந்தோம். மார்கழியில், மழைநீர் வடிகாலைப் பற்றிப் பேசுவதற்காக மொட்டைமாடியில் வீட்டுக்காரர்கள் கூடினோம். கூட்டம் கலையும் வேளையில் எதிர் வீட்டு இளைஞர், வெகு இயல்பாக, “நமக்கு அடி 5,300-தானே சார், அந்த விலைக்கு இந்த வசதி அதிகம்” என்றார். நான் தலையசைத்தேன். படியிறங்கி வருவதற்குள் பெருக்கல் முடிந்துவிட்டது. 950-ஐ 500-ஆல் பெருக்கினால் 4,75,000. அதன்மேல் நான் கட்டிய ஐந்து சதவீத வரியையும் கூட்டினால் 4,98,750. என் மனைவியின் நகைகள் எவ்வளவுக்குப் போயினவோ அதைக் காட்டிலும் சற்று மிகுதி.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வியப்பு என்னவென்றால், மறுநாள் முதல் என் வீடே வேறு வீடாகிவிட்டது. குளியலறைக் குழாயின் கிறீச்சொலி அதுவரையில் என் செவியில் விழுந்ததில்லை, அன்று விழுந்தது. சமையலறை ஓடுகளுள் ஒன்று சற்றே கோணலாக இருப்பது தெரிந்தது. காலைக் காற்று முன்போலவே வந்தது. ஆனால் அது 5,300 ரூபாய்க்கும் வரக்கூடிய காற்று என்ற எண்ணமும் கூடவே வந்தது.

இத்தகைய மனநிலையை அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ரிச்சர்ட் தேலர் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1985-ல் எழுதிய கட்டுரையொன்றில், பொருள் வாங்குவோன் இருவகை இன்பம் அடைகிறான் என்றார். பொருளின் பயனால் வருவது ஒன்று. பேரம் நன்றாக அமைந்தது என்ற நினைவால் வருவது மற்றொன்று. எனக்கு முதலாவது குறையவே இல்லை. இரண்டாவது ஒரே மாலையில் மாய்ந்தது. புதிதாகக் கார் வாங்கியோர், வாங்கிய பிறகும், தாம் வாங்கிய காரின் விளம்பரங்களையே மிகுதியாகப் படிப்பர் என்று 1957-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. தாம் செய்தது சரியே என்று யாரேனும் சொல்லக் கேட்க வேண்டும் என்ற தாகம்தான் அது. நானும் என் கட்டடத்தின் விளம்பரத் தாளைத் தேடியெடுத்து இருமுறை படித்தேன். ஆறுதல் கிட்டவில்லை.

சோப்புக் கட்டி ஒன்றை வாங்கினால், அதிகபட்ச சில்லறை விலை அதன் உறையில் அச்சிட்டிருக்கிறது. அதற்குமேல் கேட்டால் சட்டம் தடுக்கும். அரைக் கோடி ரூபாய் வீட்டுக்கு அப்படி ஓர் உறை இல்லை. பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு என்பது முத்திரைத்தாள் கட்டணத்துக்காக ஏற்பட்டது. விற்பனை விலைக்கு அது வரம்பு அன்று. 2016-ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம் நல்ல சட்டம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்குமேல் முன்பணம் வாங்கலாகாது என்கிறது. கார்ப்பெட் ஏரியா என்னும் உட்பரப்பு எது என்பதை வரையறுக்கிறது. ஆனால் விலை இவ்வளவுதான் என்று அச்சட்டமும் சொல்லவில்லை. உட்பரப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது: என் 950 அடியில் படிக்கட்டு, லிப்ட், நடைவழி ஆகியவற்றின் பங்கும் அடக்கம். கால் வைத்து நடக்கத்தக்க தரை 690 அடியே. அந்தக் கணக்கில் நான் கொடுத்தது அடிக்குச் சுமார் 8,000 ரூபாய். ஒரு கட்டடத்தை இன்னொன்றோடு ஒப்பிட விரும்புவோர் இந்த உட்பரப்பைக் கொண்டே ஒப்பிடுதல் வேண்டும்.

ஒரே வீட்டுக்கு இரு விலை எப்படி ஏற்பட்டது? என் எதிர் வீட்டார் முன்பணம் கட்டியது அதே 2020-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில். ஆடியில் நம்மவர் வீடு வாங்க மாட்டார்கள். ஆதலால் விற்போர் தள்ளுபடி தருவார்கள். அந்த ஆடியோ எல்லா ஆடியையும் போன்றது அன்று. மார்ச்சு 25-ஆம் நாள் தொடங்கிய ஊரடங்கால் வேலையாட்கள் சொந்த ஊர் போய்விட்டார்கள். வீடு கேட்டு வருவோர் இல்லை. கட்டுபவருக்கோ கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. பணத்தோடு வந்து நின்றவருக்கு 500 ரூபாய் குறைந்தது. நான் நல்ல மாதம் பார்த்தேன். அவர் நல்ல விலை பார்த்தார். வேறு காரணங்களும் உண்டு. கிழக்கு வாசல் என்றால் கூடுதல். மூலை வீடென்றால் கூடுதல். மாடி ஏற ஏற அடிக்கு இவ்வளவு என்று ஏறும். பணி நிறைவுச் சான்றிதழ் வந்தபின் விற்கப்படும் வீட்டுக்குச் சரக்கு மற்றும் சேவை வரியே இல்லை. இவையெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை.

பிறர் கொடுத்த விலையை முன்னரே அறிய வழியுண்டா? ஓரளவு உண்டு. வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். முன்னர்ப் பதிவான பத்திரங்களின் தொகை அதில் காணும். ஆயினும் பிரிபடாத மனைப் பங்குக்கு ஒரு பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று இரண்டாக எழுதும் வழக்கம் இருந்தமையால், முழு விலை அங்கே ஒரே இடத்தில் தென்படுவதில்லை.

விற்பனை அலுவலகத்துக்குச் சென்று கேட்டும் பார்த்தேன். அங்கிருந்த மேலாளர் மரியாதையாகவே பேசினார். “அன்றைய விலை அன்றைக்கு, ஐயா. ஆடியில் விலை ஏறியிருந்தால் தாங்கள் மீதியைக் கொண்டுவந்து கொடுத்திருப்பீர்களா?” என்றார். நான் வாயடைத்துப் போனேன். வீடு திரும்பும் பேருந்தில்தான் விடை தோன்றியது. விலை மாறியதைப் பற்றி எனக்கு வழக்கில்லை. தை மாதத்தில், ஏதேனும் குறைக்க முடியுமா என்று நான் கேட்டபோது, “எல்லாருக்கும் ஒரே விலை, ஒரு ரூபாய்கூட மாறாது” என்று அதே மேசையில் சொன்னார்களே, அதுதான் என் வழக்கு. பேரம் பேசுவது ஆசிரியனுக்கு அழகன்று என்று எண்ணி, அந்தச் சொல்லை நம்பி எழுந்து வந்தேன். இன்னொரு முறை கேட்டிருக்கலாம். ஒருநாள் காத்திருக்கலாம்.

இவற்றையெல்லாம் என் மனைவியிடம் சொல்லாமலே மூன்று மாதம் ஓட்டினேன். வளையல் இல்லாத அவள் கையைப் பார்க்கும்போதெல்லாம் 4,98,750 என்ற எண் கண்முன் நிற்கும். ஒருநாள் குழாயைப் பழுதுபார்க்க ஆள் அழைக்க வேண்டும் என்று நான் கடுகடுத்தபோது, அவள் கேட்டாள்: “எதிர் வீட்டு விலையை நினைத்துத்தானே இவ்வளவு கோபம்?”

அவளுக்கு அது புதுமனை புகுவிழா அன்றே தெரியுமாம். எதிர் வீட்டு அம்மாள் தேங்காய் பழத் தட்டோடு வந்தபோது சொன்னாராம். “நீங்கள் வருந்துவீர்கள் என்று சொல்லவில்லை” என்றாள். நான் மறைத்தது மூன்று மாதம்; அவள் மறைத்தது ஏழு மாதம். நகையைப் பற்றி அன்றும் அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. குழாய்க்கு ஆள் வந்து, பத்து ரூபாய் வாஷர் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனான்.

அதற்கு அடுத்த வாரம் எதிர் வீட்டு இளைஞர் எங்கள் வாசலில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. இரண்டாம் மாடியில் ஒருவர், 2021-ஆம் ஆண்டு ஆடியில், அடி 5,150-க்கு வாங்கியதாக அன்றுதான் அறிந்தாராம். எனக்கு ஒரு நொடி மகிழ்ச்சி உண்டாயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். 150-ஐ 950-ஆல் பெருக்கி அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் சொல்லி முடிக்கும் வரையில் நாங்கள் இருவரும் குறுக்கே பேசவில்லை.