கொடுத்த பையும் சுமந்த கையும்



திருமண வீட்டில் தாம்பூலம் பெற்றுத் திரும்புவோர் கையிலெல்லாம் ஒரு மஞ்சள் பை இருந்த காலம் இங்குள்ள பலருக்கும் நினைவிருக்கும். தேங்காயும் வெற்றிலை பாக்கும் தாங்கிய அந்தப் பையின்மீது மணமக்கள் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். துணிக்கடையினரும் நகைக்கடையினரும் அவ்வாறே தம் பெயர் பொறித்த பைகளை வாடிக்கையாளர்க்கு விலையின்றி வழங்கினர். கடைக்காரர்க்கு அது கொடை, கூடவே விளம்பரம். பெற்றவர்க்கோ அது நீண்ட உறவு. சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் வெளியூருக்கும் உடன் சென்ற அப்பை, கிழிந்தபின் அடுப்படியில் பாத்திரம் இறக்கும் துணியாயிற்று. அடுத்த தீபாவளிக்கு அதே குடும்பம் அதே கடைப்படி ஏறிற்று.

பின்னர் நெகிழிப் பை வந்தது. மஞ்சப்பை ஏந்தியவரைப் பட்டிக்காட்டார் என நகைக்கும் வழக்கம் திரைப்படத்திலும் தெருவிலும் பரவியது. வெறுங்கையோடு கடைக்குச் செல்வதே நாகரிகமாயிற்று. வீசியெறிந்த நெகிழி சாக்கடையை அடைத்தது. குப்பை மேய்ந்த பசுக்களின் வயிற்றில் தங்கி அவற்றின் உயிரையும் பறித்தது.

தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தடை செய்தது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டே சென்னைக் கோயம்பேடு சந்தையில், 10 ரூபாய் இட்டால் துணிப்பை தரும் இயந்திரம் நிறுவப்பட்டது. மதுரையில் ‘தி எல்லோ பேக்’ என்னும் நிறுவனம் மஞ்சப்பையின் பெயரையே தன் பெயராகக் கொண்டு, பெண்களுக்குத் தையல் வேலை அளித்து வருகிறது. ஒரு பையால் ஒரு வீட்டில் அடுப்பெரியுமாயின் அதுவும் அறமே.

ஆயினும், துணியெல்லாம் தூயது என எண்ணிவிடலாகாது. இவ்வுண்மையைத் திருப்பூருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சாயக்கழிவு நொய்யலில் கலந்ததும், ஒரத்துப்பாளையம் அணை அக்கழிவின் தேக்கமானதும், உழவர்கள் நீதி கேட்டு நின்றதும் இம்மண்ணின் வரலாறு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டபோது, தொழிலாளர் பலர் வேலையிழந்து வாடினர். பருத்தி விளைய நீர் வேண்டும். நிறம் ஏற்றவும் நீர் வேண்டும்.

டென்மார்க்கு நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பருவநிலைக்கு உண்டாகும் தீங்கை மட்டும் கணக்கிட்டாலும், ஒரு பருத்திப் பையை 52 முறையேனும் பயன்படுத்தினால்தான் அது நெகிழிப் பைக்கு ஈடாகும் என்பது அதன் முடிவு. பிற தீங்குகளையும் கூட்டினால் அவ்வெண் ஆயிரக்கணக்கில் உயர்கிறது. ஆண்டுக்கு 52 வாரங்கள். வாரச்சந்தைக்கு ஓராண்டு தவறாது எடுத்துச் சென்றால் முதற்கடன் தீரும். அதற்குப் பின்னரும் சுமந்துகொண்டே இருத்தல் வேண்டும்.

ஆகவே, பைக்கொடையில் கொடுப்பவர் பங்கு பாதியே. மீதிப் பாதி, பெற்றவர் கையில் இருக்கிறது. ஒவ்வொரு விழாவிலும் ஒரு புதுப் பை பெற்று அலமாரியில் அடுக்கிவைத்தால், அது துணியாலான குப்பையே. மிகுபொருள் விரும்பாமையை விரதமாகக் கொண்ட மரபினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நிறுவனங்கள் எண்ணிக்கையைக் குறைத்து உறுதியைக் கூட்டலாம். பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் வெட்டுத்துணியில், சாயம் மீண்டும் ஏற்றாமலே பை தைக்கலாம். துணிபோல் தோன்றி ஏமாற்றும் நெய்யாத நெகிழிப் பையை அறவே விலக்கலாம். பழைய பையோடு வரும் வாடிக்கையாளரை முகமலர்ந்து வரவேற்று, விலையில் சிறிது குறைத்துத் தரலாம். அவரன்றோ அக்கடையின் உண்மையான உறவினர்!

அடுத்த ஆண்டு இவ்விழாவுக்கு வரும் அன்பர்கள், புதுப் பையை எதிர்பாராமல், நிறம் மங்கிய பழைய பையோடு வருவார்களாக. மங்கிய அந்நிறமே கொடுத்தவர்க்கும் சுமந்தவர்க்கும் பெருமை.