சிசுவின் உடற்சூடும் ஆஸ்பத்திரியின் தரமும்



‘தரம்’ என்னும் சொல்லை அரசாங்கக் காகிதங்களில் நாம் நாள்தோறும் காண்கிறோம். அதன் பொருளை வார்டுகளிலேதான் தேட வேண்டும்.

தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்டது. அதற்குப் பெரிதும் முயன்றவர் அன்றைய சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத் கௌர். சிகிச்சை, போதனை, ஆராய்ச்சி மூன்றும் ஓரிடத்தில் நடைபெற வேண்டுமென்பதே நோக்கம். 2012-இல் பாட்னா, போபால், புவனேசுவரம், ஜோத்பூர், ராய்ப்பூர், ரிஷிகேசம் ஆகிய ஆறு நகரங்களிலும் அத்தகைய கழகங்கள் தொடங்கின.

ஆராய்ச்சியென்றால் பெரிய யந்திரங்கள்தாம் என்று நாம் எண்ணிவிடலாகாது. பிறந்த சிசுவின் உடற்சூடு 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து நெருங்குகிறது. பிரசவ அறையில் விசிறி சுழன்றாலே போதும்; ஈரம் துடைக்கச் சற்றுத் தாமதித்தாலும் போதும். ஆகவே டாக்டரும் நர்ஸும் மாணவரும் கூடி, ஒவ்வொரு சிசுவின் சூட்டையும் குறித்துவைக்கின்றனர். பிறகு விசிறியை நிறுத்தி, துணியை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கி, மறுபடியும் அளக்கின்றனர். பலன் கண்டால் அதுவே நாளைய வழக்கம். காணாவிடில் வேறொன்றைச் சோதிக்கின்றனர். இம்முறையைத் தில்லிக் கழகத்தாரும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் தென்கிழக்கு ஆசியக் கிளையினரும் பிறரும் சேர்ந்து பாடமாகவே வகுத்திருக்கின்றனர். செலவு சொற்பம், மாணவருக்கோ இது புத்தகத்தில் கிட்டாத படிப்பு.

எனினும், குறிப்பெழுத ஆள் வேண்டுமே! இரவில் ஒரே நர்ஸ் பல தாய்மாரைக் கவனிக்கும் வார்டில் குறிப்பேடு வெறுமையாய்க் கிடக்கும். அங்கே முதலில் வேண்டுவது இன்னொரு நர்ஸ்.