முதலில் செவிமடுப்போம்



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே! ஸலாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்புக்குரிய நேயர்களே! கருத்து வேறுபாடு மனித வாழ்வில் தவிர்க்க முடியாதது. அது ஸஹாபாக்களிடையேயும் இருந்தது. மாற்றுக் கருத்துடையோரோடு எவ்வாறு பேச வேண்டும் என்பதற்கு அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் நமக்கோர் அழகிய முன்மாதிரியை விட்டுச் சென்றுள்ளார்கள்.

ஹிஜ்ரி 37ஆம் ஆண்டில் (கி.பி. 657) ஸிப்பீன் போர் மூண்டது. நடுவர்களை நியமித்துப் பிணக்கைத் தீர்க்க இரு தரப்பினரும் உடன்பட்டபோது, அதனை ஏற்காத பல்லாயிரவர் அலி (ரழி) அவர்களின் படையிலிருந்து பிரிந்து, கூபாவுக்கு அருகே ஹரூரா எனுமிடத்தில் ஒன்றுகூடினர். அவர்களே கவாரிஜ்கள். அவர்களைச் சந்தித்துப் பேச இப்னு அப்பாஸ் (ரழி) அனுமதி வேண்டினார்கள். அவரது உயிருக்கு ஆபத்து நேருமோ என அலி (ரழி) அஞ்சினார்கள். எனினும் அவர் சென்றார்கள்.

சென்றவர் உபதேசத்தில் தொடங்கவில்லை. அலி (ரழி) அவர்களிடம் நீங்கள் காணும் குறைகள் யாவை என்றே வினவினார்கள். அவர்கள் மூன்றைக் கூறினர். அல்லாஹ்வின் விடயத்தில் மனிதரை நடுவராக்கினார். ஜமல் போரில் வென்றும் எவரையும் சிறைபிடிக்கவில்லை. உடன்படிக்கையில் 'அமீருல் முஃமினீன்' எனும் பட்டத்தை அழித்தார் என்பனவே அவை. இவை தவிர வேறேதும் உண்டா என இப்னு அப்பாஸ் (ரழி) கேட்டார்கள். இல்லை என்றனர். குர்ஆனிலிருந்தும் ஸுன்னாவிலிருந்தும் விடை தந்தால் திரும்புவீர்களா எனவும் கேட்டு, அவர்களின் சம்மதத்தைப் பெற்ற பின்னரே பதிலளித்தார்கள்.

இஹ்ராமில் கால் திர்ஹம் பெறுமதியான ஒரு முயலை வேட்டையாடினாலும், கணவன் மனைவி பிணங்கினாலும் மனிதரை நடுவராக்கக் குர்ஆனே பணிக்கின்றதே. முஸ்லிம்களின் இரத்தத்தைக் காக்க நடுவர் கூடாதா? உங்கள் தாயார் ஆஇஷா (ரழி) அவர்களையா சிறைபிடிக்க விரும்புகின்றீர்கள்? ஹுதைபிய்யாவில் நபி (ஸல்) அவர்களே 'அல்லாஹ்வின் தூதர்' எனும் சொல்லை அழிக்கச் செய்யவில்லையா? ஒவ்வொரு விடையின் பின்னரும், இக்குறை நீங்கியதா எனக் கேட்டு உறுதி செய்தார்கள்.

அன்று இரண்டாயிரம் பேர் திரும்பினர் என அறிவிப்புகள் கூறுகின்றன. எல்லோரும் திரும்பவில்லை. எஞ்சியோர் நஹ்ரவானில் போரிட்டு மாண்டனர். ஆயினும் திரும்பியவர்களின் உயிரைக் காத்தது வாளன்று, உரையாடலே.

நேயர்களே! நமது நாட்டின் நிலை என்ன? 2009 ஜூலையில் பேருவளையில் நம்மவர் இரு சாராரிடையே மூண்ட மோதலில் பள்ளிவாசல் தாக்கப்பட்டது, உயிர்களும் பலியாயின. இத்தகைய தீ வீட்டிலேயே பற்றத் தொடங்குகின்றது. தராவீஹ் எட்டு ரக்அத்தா, இருபதா என்பதில் வாப்பாவும் மகனும் ஒருவரோடொருவர் பேசாதிருக்கும் இல்லங்கள் உண்டல்லவா?

இளைஞர்களே! நீங்கள் புதிதாகக் கற்றதைக் கூறுமுன், உங்கள் வாப்பா ஏன் அவ்வாறு செய்கின்றார் என்பதைப் பணிவுடன் கேளுங்கள். அவரை வழிகெட்டவர் எனப் பட்டம் சூட்டாதீர்கள். பெற்றோர்களே! பிள்ளை வினவும்போது அதட்டி வாயடைக்காதீர்கள். வீட்டில் செவிமடுக்கப்படாத பிள்ளை, தெருவில் தன்னைச் செவிமடுப்பவனைத் தேடிச் செல்லும்; அவன் யார் என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள்.

பிர்அவ்னிடம் சென்ற மூஸா, ஹாரூன் (அலை) இருவரையும் மென்மையாகப் பேசுமாறு அல்லாஹ் பணித்தான். நம்முன் நிற்பவன் பிர்அவ்னுமல்லன், நாம் மூஸாவுமல்லர். அவ்வாறாயின் நமது நாவு எவ்வளவு மென்மையாக இருத்தல் வேண்டும்!

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களை ஒன்றிணைப்பாயாக! பேசுமுன் செவிமடுக்கும் பண்பை எங்களுக்கும் எங்கள் சந்ததியினருக்கும் அருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.