கூரைச் சூடும் டிரோன் படமும்

(ஒடுகத்தூர்க் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நான் டிரோனைப் பற்றிப் பேசப் போவதாகத் தலைவர் சொன்னவுடன் முன்வரிசைப் பையன்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். நான் எதையும் பறக்கவிடக் கொண்டுவரவில்லை. பேச வந்தது உங்கள் வீட்டுக் கூரையைப் பற்றித்தான்.

வேலூர்ப் பக்கத்து வெயிலை உங்களுக்கு நான் வருணிக்க வேண்டியதில்லை. பாரன்ஹீட்டில் 110 டிகிரியைத் தொட்ட நாள்களும் உண்டு. ஆம்பூரிலே ஷூ கம்பெனியில் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு ஒரு பெண் வீட்டுக்கு வந்து படுத்தால், பகலில் குடித்த வெயிலையெல்லாம் காங்கிரீட் தளம் இராத்திரி பத்து மணிக்கு அவள்மேல் கக்குகிறது. கேட்டால், "அக்னி நட்சத்திரம், அப்படித்தான் இருக்கும்" என்கிறோம். ஒரே தெருவில் ஒரு வீடு வேகிறது, அடுத்த வீடு தாங்குகிறது என்றால், அது நட்சத்திரத்தின் வேலையா, தளத்தின் வேலையா? வாஸ்துக்காரன் சொன்னானென்று வாசலை இடித்து மாற்றுகிறவர், தன் மேற்குச் சுவரில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறதென்று ஒரு நாளாவது நின்று பார்த்ததுண்டா?

அதைப் பார்க்கிற ஒரு வழிதான் இந்த டிரோன். வீட்டைச் சுற்றிப் பறந்து, ஒன்றின்மேல் ஒன்று பெரும்பாகம் படியும்படி நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கிறது. நமக்கு இரண்டு கண் இருப்பதால் தூரம் தெரிகிறதல்லவா? அதுபோல ஒரே மூலையைப் பல இடத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு கம்ப்யூட்டர் உயரம், அகலம், ஜன்னல், மரநிழல் எல்லாவற்றையும் கணக்கிட்டு வீட்டின் உருவத்தைச் செய்துவிடுகிறது. இன்னொரு காமிரா வெப்பக் கதிரைப் படம் பிடித்து, எந்த இடம் எவ்வளவு சுடுகிறதென்று காட்டுகிறது. அப்புறம் வருஷத்தின் 8760 மணிக்கும், இந்த வீட்டுக்குள் எவ்வளவு சூடு நுழையும், அதைத் தணிக்க எவ்வளவு கரண்டு ஆகும் என்று கணக்குப் போடலாம்.

இது எதற்கு அவசியம் என்றால், கரண்டை மிச்சப்படுத்தும்படி கட்டுவதற்கு 2007-இல் இந்திய சர்க்கார் வகுத்த விதிகள் பெரிய, புதுக் கட்டிடங்களை உத்தேசித்தவை. முன்னமே கட்டி நிற்கும் வீட்டுக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? கொத்தனார் மனதிலே இருந்த வரைபடம் அவரோடு போயிற்று. டிரோன் அதைத் திரும்ப எழுதித் தருகிறது. ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி.காரர்கள் 2022-இல் டிரோன் படத்தைக் கொண்டே கட்டிடங்களின் உருவத்தையும், கூரையின் பரப்பையும், அண்டைக் கட்டிடத்தின் இடைவெளியையும் அளக்கும் முறையை வெளியிட்டார்கள். அவர்கள் நோக்கம் பூகம்பத்துக்குத் தாங்குமா என்று பார்ப்பது. ஆனால் சூட்டுக் கணக்குக்கும் அதே அளவுகள்தானே வேண்டும்?

ஆனால் தோழர்களே, சாமியை விட்டுவிட்டு யந்திரத்துக்குக் கற்பூரம் காட்ட வேண்டாம். புதுத் தகரக் கூரை கை வைத்தால் கொப்பளிக்கும். வெப்பப் படத்திலோ அது குளிர்ந்ததாகத் தெரியும். பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் குறைவாக வெளிவிட்டு, வானத்தின் குளிர்ச்சியைக் கண்ணாடிபோல் திருப்பிக் காட்டுகிறது. விஷயம் தெரியாதவன் அந்தப் படத்தை நம்பி, "தகரமே மேல்" என்று எழுதிவிடுவான். குளிர் நாட்டாரோ பனிக்கால விடியலுக்கு முன் பறக்கவிட்டு, உள்ளேயிருந்து வெளியே ஓடும் சூட்டைப் பிடிக்கிறார்கள். நமக்கு வெளியேயிருந்து உள்ளே வருவதல்லவா தொல்லை! அவர்கள் முறையை அப்படியே காப்பி அடித்தால் நமக்கு என்ன பிரயோஜனம்?

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று. கணக்கு சரியா என்பதைக் கரண்டு பில்லோடு ஒத்துப் பார்ப்பது வழக்கம். மாடிவீட்டில் மூன்று ஏ.சி. ஓடுகிறது, பில் ஏறுகிறது. சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் ஒரே மின்விசிறி, அதுவும் அனல் காற்றைத்தான் சுற்றுகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் வந்ததே, அந்த வீட்டில் அதைத் தாண்டுவதற்கே பொருள் இல்லை. பில்லை மட்டும் பார்த்தால் கம்ப்யூட்டர் என்ன சொல்லும்? "இது மிகச் சிக்கனமான வீடு, இங்கே சீர்திருத்தம் தேவையில்லை" என்று சொல்லும்! வெந்து கிடப்பதற்குப் பெயர் சிக்கனமா? மிச்சமாகும் யூனிட்டை மட்டும் கணக்கிட்டுப் பணம் ஒதுக்கினால், அந்தப் பணம் ஏ.சி. வைத்திருப்பவன் மாடிக்குத்தான் போகும். ஆகையால் யூனிட்டோடு, இராத்திரி பத்து மணிக்கு அறைக்குள் எத்தனை டிகிரி என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும். அதை டிரோன் வெளியிலிருந்து பார்க்காது. உள்ளே படுக்கிறவர்தான் சொல்ல வேண்டும். வீட்டார் சம்மதமின்றிக் கொல்லைப்புறத்தைப் படம் பிடிக்கக் கூடாது என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

டிரோன் வருகிறபோது வரட்டும். அதுவரை சும்மா இருப்பானேன்? ஒரே தெருவில், ஒரே மாதிரித் தளமுள்ள இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மூன்று நாள் இரண்டையும் அப்படியே அளந்து பாருங்கள். பிறகு ஒன்றின் தளத்துக்கு நல்ல சுண்ணாம்பை இரண்டு கோட்டு அடியுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். அறைக்குள் தலைமாட்டில் ஆளுக்கொரு தெர்மாமீட்டர் தொங்கவிட்டு, பகல் இரண்டு மணிக்கும் இராத்திரி பத்து மணிக்கும், பத்து நாள் நோட்டில் எழுதுங்கள். எழுதத் தெரிந்த பெண் பிள்ளையிடம் நோட்டைக் கொடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள்; நான் பேசுவதற்குப் பதிலாக அந்தப் பெண்ணே இந்த மேடையில் வந்து அதைப் படிக்கட்டும்.