அசையறதுக்கு இடம் விடுங்க

இன்னைக்கு நான் ரெண்டு தடவை செஞ்ச ஒரே அலமாரியைப் பத்திப் பேசப் போறேன்.

எங்க அப்பா மதுரையில போட்டோ ஸ்டூடியோ வச்சிருந்தவர். ஸ்டூடியோவை மூடினப்போ மிச்சமானது ஒன்பது கேமரா. யாஷிகா 635, பென்டாக்ஸ் கே1000, அவர் பள்ளிக்கூடத்துல படிக்கும்போது தாத்தா வாங்கிக் கொடுத்த அக்ஃபா கிளிக் 3, இப்படி. எல்லாம் ஒரு ட்ரங்குப் பெட்டிக்குள்ள போயிடுச்சு. அப்பாவுக்கு க்ளாக்கோமா வேற. அந்த நோயில போன பார்வை திரும்பி வராது, இருக்கறதைக் காப்பாத்திக்கத்தான் மருந்து. அவர் கண்ணுல மிச்சம் இருக்கும்போதே அந்தக் கேமராக்களைக் கண்ணாடிக்குப் பின்னாடி வரிசையா நிக்க வச்சுக் காட்டணும்னு எனக்கு ஒரு ஆசை.

நான் சென்னையில ஐடி வேலை. சனி, ஞாயிறுல அம்பத்தூர் பக்கம் ஒரு ஆசாரியோட பட்டறையில மரவேலை கத்துக்கறேன். என்ன மாதிரி அலமாரின்னு தேடும்போதுதான் ஜேம்ஸ் க்ரெனோவ் கண்ணுல பட்டார். 1920-ல சைபீரியாவுல பிறந்து, அமெரிக்காவுல வளர்ந்து, ஸ்வீடன்ல தச்சு வேலை படிச்சவர். 1981-ல கலிஃபோர்னியாவுல ஃபோர்ட் பிராக்-ங்கற ஊர்ல மரவேலைப் பள்ளி ஆரம்பிச்சார். மெல்லிய நாலு காலுள்ள ஒரு ஸ்டாண்டு, அது மேல ஒரு சின்ன அலமாரி. இந்த வடிவத்தைச் சொன்னாலே மரவேலைக்காரங்களுக்கு அவர் ஞாபகம்தான் வரும். தரையிலேர்ந்து தூக்கி வச்சா பெட்டி சின்னதாத் தெரியும், உள்ள இருக்கற பொருள் பெருசாத் தெரியும்.

இடிச்ச வீட்டுத் தேக்கு விக்கற கடையில, பழைய கதவு நிலையும் உத்தரமும் வாங்கினேன். காந்தம் வச்சு ஆணி தேடறதுக்கே ஒரு நாள் போச்சு. ஒரு ஆணி தப்பிச்சாலும் இழைப்புளி வாய் போயிடும். கடைக்காரர், "இது அம்பது வருஷம் காஞ்ச மரம் தம்பி, இனிமே அசையாது"ன்னார். நான் நம்பிட்டேன்.

நவம்பர் மழையில வேலை நடந்தது. ஸ்டாண்டு 32 அங்குல உயரம். குறுக்குச் சட்டங்களோட முனையைச் செதுக்கி, காலில் போட்ட துளைக்குள்ள இறக்கினேன். ஆணி, திருகு எதுவும் இல்லை. பெட்டிக்குப் பின்பக்கம் ரெண்டடி அகலத்துக்குப் பலகைகளைச் சேர்த்து ஒட்டி, சட்டத்துல காடி எடுத்து, நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கிட்டேன். ஆசாரி அந்த வாரம் ஊர்ல இல்லை. அதுவரைக்கும் நான் செஞ்சது எல்லாம் ப்ளைவுட். அதுல அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமா ஒட்டியிருக்கறதால, ஒண்ணை ஒண்ணு பிடிச்சு நிறுத்திடும். முழு மரத்துக்கு அப்படிப் பிடிக்க ஆளில்லை.

பொங்கலுக்கு மதுரைக்குக் கொண்டுபோய் வச்சோம். அப்பா பக்கத்துல நின்னு, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, மிச்சமிருக்கற பார்வையால ஒவ்வொண்ணாப் பார்த்தார். "நல்லாருக்குடா"ன்னார். அவ்வளவுதான்.

மே மாசம் ஒரு ராத்திரி போன் வந்துச்சு. "டேய், உன் அலமாரி வெடிச்சிருச்சு. சத்தம் கேட்டுச்சு. பின்னால கை வச்சுப் பார்த்தேன், மேலேர்ந்து கீழ வரைக்கும் விரிசல். நகம் உள்ள போகுது."

என்ன நடந்ததுன்னா, மரம் எத்தனை வயசானாலும் காத்துல இருக்கற ஈரத்தை வாங்கும், விடும். நீளவாக்குல மாற்றம் ரொம்பக் கம்மி. அகலத்துலதான் ஆட்டம். சென்னை மழைக்கும் மதுரை வெயிலுக்கும் நடுவுல மரத்தோட ஈரம் ஒரு நாலு சதவீதம் குறைஞ்சதுன்னு வைங்க. தேக்குப் பலகை அறுத்த விதத்தைப் பொறுத்து, ஒரு அடி அகலத்துக்கு ஏறக்குறைய ரெண்டு மில்லிமீட்டர் வரைக்கும் சுருங்கலாம். என் பலகைக்கு அது நாலு மில்லிமீட்டர். சுருங்க விடாம நாலு பக்கமும் பசை போட்டுப் பிடிச்சிருந்தேன். அதுக்கு வேற வழியில்லை, நடுவுல பிளந்துடுச்சு.

இதையெல்லாம் அப்பாகிட்ட விளக்கினேன். அவர் சிரிச்சார். "போட்டோவை ஃப்ரேம் போடும்போது நாலு பக்கமும் ஒட்டவே மாட்டேன்டா. மேல மட்டும் ஒட்டித் தொங்க விடுவேன். மழைக்காலத்துல பேப்பர் விரியும், இடம் இல்லைன்னா சுருக்கம் விழுந்துடும். இதை நீ கேட்டிருக்கலாமே." கேட்டிருக்கலாம். சின்ன வயசுல அந்தக் கடையில உக்காந்துதான் வீட்டுப்பாடம் எழுதினேன். அவர் ஃப்ரேம் போடறதை ஒரு நாளும் கவனிச்சதில்லை.

அந்தத் தடவை பத்து நாள் லீவு போட்டு ஊருக்குப் போனேன். அப்போதான் இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. அலமாரி முன்னாடி அப்பா நின்னு பார்க்கறதே இல்லை. சாயங்காலம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, கையைத் தூக்கி, தடவித் தடவிக் கேமராவை எடுக்கறார். ஷட்டரை ஓட்டிக் காதுல வச்சுக் கேக்கறார். "இது மெதுவா ஓடுது"ங்கறார். நான் கண்ணுக்குச் செஞ்சேன். அவர் கையாலதான் அதைப் பயன்படுத்திக்கிட்டிருந்தார்.

அதனால பின்பலகையோட நிறுத்தலை, பாதி அலமாரியைப் பிரிச்சேன். புதுப் பலகையை மூணு துண்டாப் போட்டேன். ஒவ்வொண்ணும் காடிக்குள்ள சும்மா நிக்குது. இருபக்கமும் இடைவெளி, மேலயும் கீழயும் நடுவுல ஒரு பொட்டு பசை, அவ்வளவுதான். ஸ்டாண்டு காலை அறுத்து 24 அங்குலமாக்கினேன். உக்காந்தபடி கை நீட்டினா எட்டற உயரம். தட்டுல மெல்லிய சட்டங்கள் ஒட்டி ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு அறை பிரிச்சேன். கை வச்சா இது யாஷிகாவோட இடம்னு தெரியும்.

பழைய கேமரா வச்சிருக்கறவங்களுக்கு ஒரு விஷயம். லென்ஸுல பூஞ்சை பிடிக்க ஈரமும், இருட்டும், அசையாத காத்தும் போதும். தோல் உறை ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், உறையோட உள்ள வைக்காதீங்க. அலமாரிப் பின்பக்கம் மேலயும் கீழயும் காத்துத் துளை போட்டு வலை அடிச்சிருக்கேன். சிலிக்கா ஜெல் வேற. இதையெல்லாம் விட, அப்பா தினமும் எடுத்து ஓட்டறதே நல்ல பராமரிப்பு.

க்ரெனோவ் 2009-ல இறந்தார். கடைசிக் காலத்துல அவருக்கும் பார்வை மங்கிடுச்சு. அலமாரி செய்யறதை நிறுத்திட்டு, கையால தடவியே இழைப்புளிகள் செஞ்சுக்கிட்டிருந்தார். நான் இதைப் படிச்சது ரெண்டாவது அலமாரியை முடிச்சதுக்கு அப்புறம்தான்.

மரவேலை ஆரம்பிக்கணும்னு நினைக்கறவங்க நேரா அலமாரிக்குப் போகாதீங்க. ஒரு சட்டம், அதுக்குள்ள ஒட்டாத ஒரு பலகை, இப்படி ஒரு சின்ன மூடி செஞ்சு பாருங்க. ஒரு வருஷம் வீட்டுல வச்சு, மழையிலயும் வெயிலிலயும் அது என்ன பண்ணுதுன்னு அளந்து பாருங்க.

போன வாரம் அப்பா போன் பண்ணினார். மழை ஆரம்பிச்சிருக்கு, வலது கதவு பிடிக்குதாம். "ஆசாரியை விட்டு இழைக்கச் சொல்லட்டுமா?"ன்னு கேட்டார். வேண்டாம்ப்பா, இப்போ இழைச்சா வெயில்ல சந்து விழும், தை பிறக்கட்டும்னு சொன்னேன்.

"சரி, அதுவரைக்கும் இடது கதவைத் திறந்துக்கறேன்"னார்.